குமரி மாவட்ட மலையோரத்தில் அப்பாவோடு நடக்க எந்தப் பாதை நல்லது?

கோவைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குச் சொந்த ஊர் பூதப்பாண்டி. வேலைக்காகக் கோவைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். டிசம்பர் கடைசியில் அவரை ஊருக்குக் கூட்டிப் போகிறேன். கடற்கரை, விவேகானந்தர் பாறை எதுவும் வேண்டாமாம். "மலையடிவாரத்தில் நடக்கணும், வேறொண்ணும் வேண்டாம்" என்கிறார். வயது 66. சர்க்கரை உண்டு, ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிற ஆள்.

தேடிப் பார்த்தால் காளிகேசம், உலக்கை அருவி, வட்டப்பாறை என்று குளிக்கிற இடங்களாகவே வருகிறது. நடப்பதற்கு என்ன இருக்கிறது? எங்கே அனுமதி வாங்க வேண்டும்? யானை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோவாளைக்காரன்:
தம்பி, மருந்துவாழ்மலை ஏறலாம். பொற்றையடி பக்கம், நாகர்கோவில்–கன்னியாகுமரி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு என்பார்கள். மூலிகைக்குப் பேர் போன மலை. ஸ்ரீநாராயண குரு தவம் செய்த குகை மேலே இருக்கிறது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் குளங்களும். ஆனால் பாதிக்கு மேல் வெறும் பாறை, நிழல் கிடையாது, தண்ணீரும் கிடைக்காது. விடியும் முன்னே ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

கீரிப்பாறை டீச்சர்:
தம்பி, நான் கீரிப்பாறை ரப்பர் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா அம்மா இருவரும் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற பால் வெட்டுத் தொழிலாளர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த குடும்பங்களை இந்த மலையோர ரப்பர் தோட்டங்களிலும் குடியமர்த்தினார்கள். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். இப்போது இருப்பது நாகர்கோவிலில், லீவு கிடைத்தால் நடப்பது கீரிப்பாறைப் பக்கம். நடப்பதற்குப் பாதை கேட்டு ஒருவர் எழுதியதைப் பார்த்ததே எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தடிக்காரன்கோணத்தில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். அங்கிருந்து கீரிப்பாறை வரை ரோட்டிலேயே நடங்கள். என்னைக் கேட்டால் நம் மாவட்டத்திலேயே மிக நல்ல நடை இதுதான். பைக்கில் வருகிறவர்கள் காளிகேசம் தண்ணீரை நினைத்துக்கொண்டே இந்த வழியைப் பறந்து கடந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா மாதிரி மெதுவாக நடக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாழையும் தென்னையுமாக இருக்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ரப்பர். நடுநடுவே ஓடை குறுக்கே வரும், அந்த இடத்தில் மட்டும் காற்று சட்டென்று குளிரும்.

நன்றாக விடிந்ததும், காலை ஏழுக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. பால் வெட்டு நடக்கிற நேரம் அது. குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பட்டையை இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாகச் சரித்துச் சீவுவார்கள். ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. வெட்டி முடித்து, கொஞ்சம் இருந்து கஞ்சி குடித்துவிட்டு, திரும்பவும் அதே மரங்களைச் சுற்றிப் பாலை எடுப்பார்கள். ஒரு ஆளுக்கு முந்நூறு மரத்துக்கு மேல் இருக்கும். சரிவில் மரத்துக்கு மரம் போகிற ஒற்றையடித் தடம் தெரியும் பாருங்கள், அது இந்தக் கால்கள் போட்டது. அம்மாவின் பின்னால் நான் வாளி தூக்கி நடந்த தடமும் அதில் உண்டு. பார்க்க ஆசையாக இருந்தால் ரோட்டில் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள், நன்றாகவே பேசுவார்கள். கேட்காமல் உள்ளே இறங்க வேண்டாம். வேலை நடக்கிற இடம், கத்தியும் பாலுமாகக் கையில் இருக்கும்.

டிசம்பர் கடைசி என்பது ரொம்ப நல்ல நேரம். துலாம் மழை, அதாவது ஐப்பசி மழை, ஓய்ந்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்குகிற காலமும் அதுவே. மற்ற மாதங்களில் கூரை போட்ட மாதிரி இருண்டு கிடக்கிற தோட்டத்துக்குள் அப்போது வெளிச்சம் இறங்கும். கிளைகளுக்கு நடுவே மேல்மலை தெரியும். அப்பாவை அந்த இடங்களில் நிற்க வைத்துக் காட்டுங்கள்.

கீரிப்பாறைக்கு மேலே மாறாமலை, பாலமோர் என்று எஸ்டேட்டுகள். நாகர்கோவில் டவுனுக்குள் இருக்கிற பாலமோர் ரோடு இந்த மலைக்குப் போகிற ரோடுதான், உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் அசம்பு மலை என்கிற இந்த மலையில் காப்பி போட்டார்கள். இலைநோய் வந்து காப்பி அழிந்தது. இப்போது கிராம்பும் மிளகும். மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு நல்ல பேர் வாங்கியது, கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் எஸ்டேட் ரோடுகளில் நாமாகப் போக முடியாது. தெரிந்தவர் யாராவது அழைத்துப் போனால் மட்டும் போங்கள்.

காடு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்த மலைக்காடு கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். 402 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. காளிகேசத்துக்கு வனத்துறை கேட்டில் கட்டணம் கட்டிப் பகலில் போய் வரலாம். மழை பெய்தால் மூடிவிடுவார்கள், மூடியிருந்தால் கெஞ்ச வேண்டாம். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஆற்றில் வந்துவிடும். உலக்கை அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும், வனத்துறையிடம் கேட்காமல் புறப்படவே வேண்டாம். யானை வருமா என்று கேட்டீர்கள். வரும். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வாழைத்தோட்டங்களுக்கே வருகிறது. பெரும்பாலும் இரவில்தான். ஆகவே நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, நாலு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். ரோட்டில் புது யானைச் சாணம் கிடந்தால் அன்றைக்கு அதற்கு மேல் நடக்காதீர்கள், எதிரே வருகிற தொழிலாளியிடம் விசாரியுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிளாஸ்டிக் பாட்டிலும் கவரும் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். காளிகேசம் ஓடையில் கிடக்கிற கண்ணாடிச் சில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது. செருப்பில்லாத காலோடு பிள்ளைகள் இறங்குகிற ஓடை அது.

குலசேகரத்தான்:
டீச்சர் சொன்னதோடு மேற்குப் பக்கமும் ஒரு நாள் வையுங்கள். மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலை. அடிவாரத்தில் இருந்து கல் பாவிய பாதை, ஏற்றம் கொஞ்ச நேரந்தான். மேலே பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு. பிறகு பகவதி கோயில் ஆயிற்று.

இன்னொன்று, சிவராத்திரிக்கு முந்தின நாள் சிவாலய ஓட்டத்துக்கு நாங்கள் ஓடுகிற வழியில் ஒரு துண்டு: திருநந்திக்கரையில் இருந்து பொன்மனை. காவி உடுத்து, விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடுகிற பாதை. சாதாரண நாளில் ஆளரவம் குறைவு, ரப்பர் நிழல், ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். திருநந்திக்கரையில் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலை விட்டுவிடாதீர்கள்.

தோவாளைக்காரன்:
ஏற்றமே வேண்டாம் என்றால் தோவாளை சானல் (பாசனக் கால்வாய்) கரை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளை ஜூன் 1 முதல் பிப்ரவரி 28 வரை திறந்திருப்பார்கள், டிசம்பரில் சானலில் தண்ணீர் ஓடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கும்பப்பூ (இரண்டாம் போக) நெல் பச்சையாக நிற்கும். பூதப்பாண்டிக்காரருக்கு அந்த வயலைப் பார்த்தாலே போதும்.

கோவைவாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாலமோர் ரோடு என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தடிக்காரன்கோணம்–கீரிப்பாறை என்றே முடிவு. ஒரே ஒரு சந்தேகம்: அவருக்கு ஏற்றத்தில் பிரச்சினை இல்லை, இறங்கும்போது முட்டு வலிக்கும். மேலே பஸ்ஸில் போய்விட்டு இறங்கி நடக்கலாமா என்று நினைத்தேன். அது தப்போ? சாப்பாடு எங்கே?

கீரிப்பாறை டீச்சர்:
நடப்பது ஏறும்போது, பஸ் இறங்கும்போது. அப்படியே வையுங்கள். அந்த ரோட்டில் ஏற்றம் சாதாரணம்தான், ஆனாலும் முட்டுக்கு இறக்கம் ஆகாது. தடிக்காரன்கோணத்திலேயே திரும்புகிற பஸ் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பஸ் அடிக்கடி கிடையாது, மேலே பல இடங்களில் போனில் சிக்னலும் இருக்காது.

சர்க்கரை இருக்கிறதால் வெறும் வயிற்றில் நடக்க விடாதீர்கள். இட்லியோ, அவித்த மரச்சீனிக் கிழங்கோ (மரவள்ளி) பொதிந்து எடுத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் கடையை நம்ப வேண்டாம், கீரிப்பாறையில் சாயா கிடைக்கும். ஷூவுக்குள் சாக்ஸ் போடச் சொல்லுங்கள், ஓடை ஓரத்தில் அட்டை இருக்கும். சர்க்கரைக்காரர் காலில் அட்டை கடித்தால் புண் ஆற நாளாகும். கொஞ்சம் உப்பு பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏறியிருந்தால் பிடித்து இழுக்காமல் உப்பை வையுங்கள், தானே விழுந்துவிடும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். அந்த வாரம் யானை நடமாட்டம் எப்படி என்று குடியிருப்பில் கேட்டுச் சொல்கிறேன்.