நியூக் என்ற கம்போசிட்டிங் மென்பொருளில் ஸ்டீரியோ (இரு கண் 3டி) பார்க்க எதற்குக் காசு போடலாம்: கார்டா, டிவியா, ஹெட்செட்டா?

முடிச்சு24 கேட்டது:
2டி-யிலிருந்து 3டி-க்கு மாற்றும் ஷாட்டுகள். 2048 x 1152, 24 ஃப்ரேம், இடது வலது இரண்டும் ஒரே ஸ்கிரிப்ட்டில். அனாகிளிஃப் (இரு கண் பிம்பத்தையும் இரு நிறமாக்கி ஒன்றாக்கும்) நோடு போட்டு சிவப்பு-சயான் கண்ணாடியில் பார்க்கிறோம். வெட்டியெடுத்த உருவங்களின் விளிம்பு சரியா என்றே தெரியவில்லை. லினக்ஸ், ஜீஃபோர்ஸ் கார்டு. குவாட்ரோ (என்விடியாவின் தொழில்முறை கார்டு), ஷட்டர் கண்ணாடி இரண்டும் வாங்கணுமா, ஹெட்செட் போதுமா? சூப்பர்வைசரும் ஆர்ட்டிஸ்ட்டும் சேர்ந்து பார்க்கணும்.

வரிக்கோடு:
கார்டை மாற்ற வேண்டாம். ஜீஃபோர்ஸுக்கான 3டி விஷன் என்ற ஷட்டர் கண்ணாடி முறையை என்விடியா 2019-லேயே கைவிட்டது. அந்தப் பக்கமே போகாதீங்க.

பாசிவ் 3டி (போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்ப்பது) உள்ள 4கே டிவி ஒன்றைத் தேடுங்க. எல்ஜி-யின் 2016 ஓலெட் வரிசையில் சி6, இ6, ஜி6-ல் உண்டு. பி6-ல் கிடையாது, விற்பவர் என்ன சொன்னாலும். மறு வருஷமே எல்ஜி 3டி-யை விட்டுவிட்டதால் செகண்ட் ஹேண்ட்தான் கிடைக்கும். திரை முழுக்க சாம்பல் நிறம் போட்டு, திரையில் பதிந்துபோன பழைய லோகோ தழும்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. பாசிவில் ஒன்றுவிட்ட வரிகள் ஒரு கண்ணுக்கு, மீதி மறு கண்ணுக்கு. 4கே-யில் கண்ணுக்கு 3840 x 1080 வரும். பழைய 1080 டிவியில் 540 வரிதான், மேட் (உருவத்தை வெட்டும் முகமூடி) விளிம்பு பார்க்க அது ஆகாது.

சாதாரண ஜீஃபோர்ஸே இதற்குப் போதும், வரிகளை நியூக்கே பின்னித் தரும். ஒரு கண் பிம்பத்தை மட்டும் எடுக்கும் ஒன்வியூ நோடு இரண்டு, இடது ஒன்று, வலது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே 3840 x 2160-க்கு ரீஃபார்மேட் (அளவு மாற்றும் நோடு). அதே அளவில் ஒரு எக்ஸ்பிரஷன் நோடு: ஆல்ஃபாவில், ஒய் மதிப்பை 2-ஆல் வகுத்த மீதி. அதை, இரண்டு பிம்பத்தையும் மாஸ்க் வைத்துக் கலக்கும் கீமிக்ஸ் நோடின் மாஸ்க்கில் கொடுங்க; ஏ, பி இன்புட்டில் இரண்டு கண்ணும். ரீஃபார்மேட்டை பின்னலுக்குப் பிறகு போட்டால் வரிகள் கலந்து இரண்டு பிம்பமும் இரண்டு கண்ணிலும் தெரியும்.

கண்ணளவு:
மேலே சொன்னது சரி, ஆனால் ஆட்கள் கோட்டை விடுவது டிவி செட்டிங்கில். ஓவர்ஸ்கேனை (ஓரத்தை வெட்டிப் படத்தைப் பெரிதாக்குவது) அணைத்து, எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை பிசி என்று மாற்றுங்க. இல்லாவிட்டால் நிறத் தகவல் பக்கத்து வரிக்கு வழிந்து பேய் பிம்பம் வரும். டிவியின் 3டி மோடு அணைந்தே இருக்கட்டும். வியூவரில் முழுத்திரை, ஜூம் 100%, பிராக்ஸி (குறைந்த அளவுப் பிரதி) அணைத்து, டவுன்ரெஸ் 1 (அளவைக் குறைக்காமல்). பிம்பம் ஒரே ஒரு பிக்சல் மேலேயோ கீழேயோ நகர்ந்தாலும் இடது, வலது கண் பிம்பங்கள் இடம் மாறிவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்த்து உறுதி செய்யுங்க. மாறியிருந்தால் கீமிக்ஸின் ஏ, பி இன்புட்டை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. உட்காரும் உயரமும் முக்கியம். தலை திரையின் நடுவிலிருந்து ரொம்ப மேலே கீழே போனால் ஒரு கண்ணின் பிம்பம் மறு கண்ணுக்குக் கசியும், நின்றுகொண்டு குனிந்து பார்க்கும் சூப்பர்வைசர் எப்போதும் குறை சொல்வார்.

ஹெட்செட்டை விளிம்பு பார்க்க நம்பாதீங்க. குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்கு சுமார் 25 பிக்சல். 50 டிகிரி அகலத் திரைக்கு 1250 பிக்சல்தான், 2கே-யே முழுதாகத் தெரியாது. அதோடு ஒரு நேரத்தில் ஒருவர்தான். சோனி, ஏசரின் கண்ணாடியில்லா 3டி மானிட்டர்களுக்கும் அதே கதை, அவை ஒருவரின் கண்ணைத் தொடர்ந்து போகிறவை.

முடிச்சு24:
55 இஞ்ச் எடுத்தால் ஆழம் தியேட்டரில் இருக்கிற மாதிரியே தெரியுமா?

கண்ணளவு:
தெரியாது. கண்களுக்கிடையே சுமார் 65 மி.மீ. 12 மீட்டர் திரையில் 2048-ல் ஒரு பிக்சல் 5.9 மி.மீ., ஆக திரைக்குப் பின்னால் தெரியும் பொருளுக்கு இடது வலது பிம்ப இடைவெளி 11 பிக்சலைத் தாண்டினாலே கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டியிருக்கும். அதே 11 பிக்சல் 55 இஞ்சில் ஆறரை மி.மீ., வெறும் தட்டையாகத் தெரியும். “இன்னும் ஆழம் வேணும்” என்று தள்ளிவிடும் ஆபத்து இங்கேதான். பின்னணியில் மிகத் தூரப் புள்ளியை இடது வலதில் அளந்து, அந்தப் பிக்சல் எண்ணிக்கையை வைத்தே முடிவு பண்ணுங்க. நிறத்தைக் கண்ணாடி இல்லாமல் ஒரு கண் பிம்பத்தில் பாருங்க.

வரிக்கோடு:
டிஸ்க்கை மறந்துடாதீங்க. ஹாஃப் ஃப்ளோட் (16 பிட்) இஎக்ஸ்ஆர் படக் கோப்பு, சுருக்காமல், ஒரு கண்ணுக்கு ஃப்ரேமுக்கு 14 எம்பி. இரண்டு கண், 24 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 680 எம்பி. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) இல்லாமல் ஓடாது. ஓட்டிப் பார்க்க ஆர்வி என்ற பிளேயர் போதும், ஸ்டீரியோ மெனுவில் ஸ்கேன்லைன் தேர்ந்தெடுங்க.