மலைக்கிராமப் பயிற்சிக்கு மாணவிகளைத் தயார் செய்ய உதவுங்கள்

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்குச் சமுதாய நலச் செவிலியம் சொல்லித் தருகிறேன். இந்த முறை களப்பயிற்சி ஜவ்வாது மலையில், மலையாளி பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) வாழும் ஊர்களில். பிள்ளைகள் பெரும்பாலும் சமவெளியில் வளர்ந்தவர்கள்.

வீட்டுக்குள் போனதும் செய்தித்தாள் விரித்து கம்யூனிட்டி பேக்கை (வீடு வீடாகப் போகும்போது செவிலியர் எடுத்துச் செல்லும் மருத்துவப் பையை) வைப்பது, கை கழுவுவது, பி.பி. பார்ப்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் பிள்ளை பெற்றவள் பத்தியம் இருக்கிறாள் என்றால் போதும், "அதெல்லாம் வேண்டாம், எல்லாமே சாப்பிடுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் தலையாட்டுவாள். அப்புறம் மாமியார் சொல்வதைத்தான் செய்வாள். எதை ஒதுக்குகிறீர்கள், ஏன் என்று முதலில் கேட்டுவிட்டு, ஒதுக்காத கீரை, பருப்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாமே!

இதை ஸ்லைடு போட்டுச் சொல்லித்தர முடியாது. ஊர்ப் பெரியவர்களும் மருத்துவச்சிகளும்தான் ஆசிரியர்களாக வேண்டும். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி பள்ளத்தாக்கில் 1993 முதல் இயங்கும் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற தொண்டு நிறுவனம், அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நலப்பணியாளர்களாக்கியது. எனக்கு அதுதான் முன்மாதிரி.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கம் வேலை பார்த்த கிராம சுகாதாரச் செவிலியர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஊருக்குள் போகுமுன் யாரிடம் பேச வேண்டும்? விதைப்பு, அறுவடை, திருவிழா என்று எந்த வாரங்களைத் தவிர்க்க வேண்டும்? மாணவிகளிடம் வந்து பேச மலையூர்க்காரர் யாரையாவது தெரியுமா? போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் தருகிறோம். மாணவிகள் போய் வந்த வீட்டுக்காரர்களின் கருத்தையும் சேர்த்து மாணவிகளுக்கு மதிப்பெண் போட்ட ஆசிரியர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.