ஈஸ்டர் எக்கர் குஞ்சுகளில் எது நீல முட்டையிடும்? கொண்டையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கொல்லைக்கோழி (டெக்சாஸ்)

வணக்கம். கொல்லையில் 6 ஈஸ்டர் எக்கர் குஞ்சுகள், 9 வாரம் ஆகிறது. கடையில் "அமெரிக்கானா" என்று எழுதி வைத்திருந்தார்கள். நாலுக்குத் தாடி, கன்னத்து முடி, தட்டைக் கொண்டை. ஒன்றுக்கு ரம்பம் மாதிரி ஒற்றைக் கொண்டை, தாடி கிடையாது. ஆறாவதற்குக் கொண்டை இப்போதே சிவந்து தடித்துவிட்டது, தோளில் செம்பு நிறத் திட்டு.

எது எது நீல முட்டையிடும்? பிறகு மாரன்ஸ் இனக் கோழியைக் கலந்து ஆலிவ் நிற முட்டை எடுக்க ஆசை, எப்படிச் சேர்க்க வேண்டும்? தீவனத்தால் நிறத்தைக் கூட்ட முடியுமா?

மூன்றுவரிக்கொண்டை

ஆறாவது சேவல்தான். 6 முதல் 8 வாரத்துக்குள் கொண்டை மூன்று வரியாகச் சிவப்பது, தோளில் மட்டும் அடர் சிவப்பு இறகு திட்டாக வருவது, இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊரில் சேவல் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பல நகரங்களில் பெட்டைக்கு மட்டுமே அனுமதி.

அமெராக்கானா என்பது 1984இல் அமெரிக்காவில் தனி இனமாக ஏற்கப்பட்டது. நல்ல வம்சத்தில் நீல மரபணு இரட்டையாக (தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று) இருக்கும், அதனால் எல்லாப் பெட்டையும் நீலம் இடும். கடையில் "அமெரிக்கானா" என்று எழுதி விற்பது அநேகமாக ஈஸ்டர் எக்கர்தான். அது இனம் இல்லை, நீல முட்டைக் கோழியின் ரத்தம் கலந்த கலப்பு. நீலம், பச்சை, இளஞ்சிவப்புச் சாயல், வெறும் பழுப்பு என எதுவும் வரலாம்.

நீலத்துக்குக் காரணம் ஒரே மரபணு. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் கொடுத்தாலே போதும். ஒரு பழைய ரெட்ரோவைரஸ் கோழியின் 1ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டதால் வந்தது என்று 2013இல் கண்டறிந்தார்கள். சிலியின் அரௌக்கானாவிலும் சீனத்து நீல முட்டைக் கோழிகளிலும் அது தனித்தனியாக நடந்திருக்கிறது. கொண்டையைத் தட்டையாக்கி மூன்று வரியாக்கும் மரபணு அதே குரோமோசோமில் பக்கத்து வீடு மாதிரி. நூற்றில் மூன்று, நாலு குஞ்சில்தான் இரண்டும் பிரியும். ஆகவே உங்கள் தட்டைக் கொண்டை நாலும் நீலமோ பச்சையோ இட நல்ல வாய்ப்பு. ஒற்றைக் கொண்டை பெரும்பாலும் பழுப்புதான்.

ஓடுபார்ப்பவர்

மேலே சொன்னது சரி, ஆனால் ஈஸ்டர் எக்கருக்கு மட்டும் சரி. கொண்டையை எல்லா இடத்திலும் நம்பாதீர்கள். நம்ம ஊர் அசிலுக்கும் இதே மூன்று வரிக் கொண்டை, இடுவது வெளிர் பழுப்பு. பிரம்மா இனக் கோழியும் அப்படியே. எதிர்ப்பக்கம் க்ரீம் லெக்பார் இனம்: நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, முட்டையோ நீலம். இவற்றில் எதுவாவது உங்கள் கலப்பில் நுழைந்திருந்தால் கொண்டைக் கணக்கு தவறிவிடும். காது மடல் நிறம், கால் நிறம் பார்த்துச் சொல்வதும் கலப்புக் கோழியில் நிற்காது.

உறுதியாகத் தெரிய முதல் முட்டை வரட்டும், அதாவது 20 முதல் 26 வாரம். உடைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரித்துவிட்டு, ஓட்டின் உட்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உட்பக்கம் நீலமாக இருந்தால் அந்தப் பெட்டையிடம் நீல மரபணு இருக்கிறது, வெளியே பச்சையோ ஆலிவோ எதுவானாலும். வெள்ளையாக இருந்தால் இல்லை. காரணம்: ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. நீல நிறமி ஓட்டின் முழுக் கனத்திலும் ஊறிவிடும். பழுப்பு, பெரும்பங்கு கடைசிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படும், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. பச்சை முட்டையை வினிகரில் கொஞ்ச நேரம் போட்டுத் துணியால் தேய்த்தால் பழுப்பு கழன்று கீழே நீலம் தெரியும்.

இளஞ்சிவப்பு முட்டை என்று தனி மரபணு கிடையாது. வெளிர் பழுப்பின்மேல் வெண்மையான மேற்பூச்சு தடிமனாக விழுந்தால் அப்படித் தெரியும், ஈரக்கையால் தொட்டாலே மாறிவிடும்.

ஆலிவ்முட்டை

ஆலிவுக்கு நேர்வழி: நீல மரபணு இரட்டையாக உள்ள சுத்த அமெராக்கானா சேவல், அடர் பழுப்பு இடும் மாரன்ஸ் பெட்டை. பிறக்கும் பெட்டை எல்லாமே பச்சை அல்லது ஆலிவ் இடும். உங்கள் ஈஸ்டர் எக்கர் பெட்டைக்கு மாரன்ஸ் சேவல் போட்டால், அவளிடம் நீலம் ஒற்றையாக இருக்கும் பட்சத்தில், பாதி ஆலிவ், பாதி பழுப்பு.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. மாரன்ஸுக்கு ஒற்றைக் கொண்டை. தாய் தட்டைக் கொண்டை, அவள் இடுவது நீலம் அல்லது பச்சை என்றால், பொரித்த அன்றே குஞ்சின் கொண்டையைப் பாருங்கள். அலகு தொடங்கும் இடத்துக்கு மேலே மெல்லிய ஒற்றைக் கோடு எழுந்து நின்றால் பழுப்புப் பக்கம். அகலமாக, தடவினால் மொத்தையாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கருமையான ஆலிவ் வேண்டுமென்றால் அந்தப் பெட்டையை மறுபடி மாரன்ஸுக்கே விடுங்கள், ஆனால் அதே சேவலுக்கு, அதாவது தகப்பனுக்கு விட வேண்டாம்.

உங்கள் சேவலை வைத்துக்கொள்ள நினைத்தால் அவனிடம் நீலம் ஒற்றையா இரட்டையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளை முட்டையிடும் லெகார்ன் பெட்டைக்கு விட்டு 6 பெண் குஞ்சு வளர்த்துப் பாருங்கள். ஒன்று நீலச் சாயலே இல்லாத முட்டை இட்டாலும் அவனிடம் நீலம் இரட்டையாக இல்லை. ஆறும் நீலச் சாயல் என்றால் அவன் ஒற்றையாக இருந்தும் அப்படி அமைய 64இல் 1 வாய்ப்புதான். பொறுமை இல்லையென்றால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

அடைவைக்கும்போது தடுமாறுவது லைட் அடித்துப் பார்ப்பதில். ஆலிவ் ஓட்டுக்குள் 7ஆம் நாளில் ஒன்றும் தெரியாது, நல்ல முட்டையைக் கூமுட்டை என்று எறிந்துவிடுவார்கள். முழு இருட்டில் பளிச்சென்ற எல்இடி வைத்து 10ஆம் நாள் பாருங்கள். கூடவே எடை போடுங்கள்: 18ஆம் நாளுக்குள் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், 60 கிராம் முட்டை 52 முதல் 53.5 கிராமுக்கு வரும். அதைவிடக் கனமாக இருந்தால் ஈரப்பதம் அதிகம், குஞ்சு உள்ளேயே மூழ்கும். விசிறி உள்ள இன்குபேட்டரில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட், முதல் 18 நாள் ஈரப்பதம் 45–50, பிறகு திருப்புவதை நிறுத்திவிட்டு 65–70.

கிளிஞ்சல்

தீவனத்தால் நீலம் அதிகமாகாது. நிறம் மரபணுவோடு முடிந்தது, உள்ளே சத்திலும் வித்தியாசமில்லை. ஒரு கோழி வாழ்நாள் முழுக்க ஒரே நிறம்தான் இடும், சாயல்தான் ஏறி இறங்கும். பருவத்தின் முதல் முட்டைகள் அடர்த்தியாக இருக்கும், போகப்போக வெளிறும். திடீரென்று வெளிறி ஓடும் சுருங்கினால், கூடவே தும்மல் இருந்தால், அது நிறப் பிரச்சினை இல்லை. மூச்சுக்குழாய்த் தொற்று நோயாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது முட்டையிடும் கோழிக்கான தீவனம் போட வேண்டாம். அதில் கால்சியம் 3.5–4 சதவீதம், வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 18 வாரம் வரை வளர்தீவனம் மட்டும். பிறகும் சேவல் கூட இருந்தால் வளர்தீவனத்தையே தொடர்ந்து, சிப்பி ஓட்டை உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படும் பெட்டை தானே கொத்தும்.

டெக்சாஸ் வெயிலில் கவனிக்க வேண்டியது ஓடு. கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும்போது கரியமில வாயு போய்விடும், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறையும், தோல்முட்டை வரும். வெயில் ஏறுமுன் அதிகாலையில் தீவனம், நிழலில் குளிர்ந்த தண்ணீர், நண்பகலில் தானியம் கூடாது.

கொல்லைக்கோழி (டெக்சாஸ்)

எல்லோருக்கும் நன்றி. ஐந்தும் இட ஆரம்பித்ததும் எந்த முட்டை யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? கூண்டில் அடைத்து வைக்க மனமில்லை.

ஓடுபார்ப்பவர்

அடைக்க வேண்டாம். கேக்குக்குப் போடும் கெட்டியான உணவுச் சாயத்தை, இரவு பரணில் உட்கார்ந்தபின், ஒவ்வொரு பெட்டைக்கும் ஆசனவாயைச் சுற்றி விரலால் லேசாகத் தடவுங்கள். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள் என்று மாற்றுங்கள். நீலமும் பச்சையும் மட்டும் வேண்டாம், முட்டை நிறத்தோடு குழம்பும். மறுநாள் இடும் முட்டையில் கோடாக ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்குத்தான் நிற்கும். நிறங்களும் குறைவு, அதனால் ஒரே இரவில் ஐந்தையும் முயலாமல் இரண்டிரண்டாகச் செய்யுங்கள்.