டிரெக்கிங் சாமான்களை விற்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. முட்டி ஒத்துழைக்கலை, இனி மலையேற்றம் கிடையாதுன்னு வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. இருப்பது கோயம்புத்தூர். கெச்சுவா பிராண்ட் ரெண்டு ஆள் டென்ட், 50 லிட்டர் பை, இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக், ஒரு ஜோடி ஸ்டிக் கைவசம் இருக்கு. ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொள்ளும் கடையோ, டென்ட் வாடகைக்கு விடுகிறவர்களோ யாருக்காவது தெரியுமா? விசாரித்த ஒரு இடத்தில் கூப்பன்தான் தருவாங்களாம். மலைக்கே போகாதவன் கூப்பனை வைத்து என்ன செய்ய?

டென்டின் மேல்விரிப்பில், உள்பக்கத் தையல் டேப் ஒரு மூலையில் உரிந்திருக்கு. தண்ணீர் புகாமலிருக்க அடித்த பூச்சு பிசுபிசுக்கலை, நாற்றமும் இல்லை. (பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் கெட ஆரம்பித்தால் மூக்குக்கே தெரிந்துவிடும்.) ஸ்லீப்பிங் பேக்கை அமுக்கி வைக்காமல் தொங்கவிட்டே வைத்திருந்தேன், உப்பல் அப்படியே இருக்கு. டேப்பை நானே ஒட்டிவிட்டு விற்பதா, விலை குறைத்துக் கொடுப்பதா? வாங்கிய விலையில் பாதி கேட்டால் அதிகமா?

பாறை ஏறும்போது இடுப்பில் மாட்டும் ஹார்னஸும் கயிறும்கூட இருக்கு, ஆனா விற்க மாட்டேன். உயிரைத் தாங்கும் இந்த மாதிரி நைலான் சாமானுக்குத் தொடாமலே வைத்திருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் ஆயுள் இல்லைன்னு பெரும்பாலான தயாரிப்பாளர்களே சொல்றாங்க. அடுத்தவர் உயிர் விஷயம். அதனால 'ஃப்ரீயா குடுங்க ப்ரோ'ன்னு இன்பாக்ஸ் பக்கம் வந்துடாதீங்க.