புதுப்பிப்பு: பிரித்துப் பூட்டிய பழைய போட் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது

திருக்கடலூரில் அப்பா ஓட்டும் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் இஞ்சின் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது), பிஸ்டன் ரிங் மாற்றிப் பூட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிளக்கில் பொறி இருந்தது, பெற்றோல் வந்தது, கம்பிரஷனும் (சிலிண்டருக்குள் அழுத்தம்) சரி. காபரேற்றரைக் கழுவியும் பலனில்லை. "ஸ்டார்ட் கயிறு கையைத் திருப்பி இழுக்குதெண்டால் பிளைவீலைக் கழற்றிப் பாருங்கோ" என்று ஒரு அண்ணா எழுதியதுதான் பலித்தது. பிளைவீல் என்பது இஞ்சின் தண்டின் நுனியில் சுழலும் கனமான சக்கரம். உள்ளே அதன் சாவி, அதாவது சக்கரத்துக்கும் தண்டுக்கும் இடையில் செருகும் சிறு உலோகத் துண்டு, பாதி அறுந்து, பொறி நேரம் தவறி விழுந்திருக்கிறது.

எதிர்பாராதது: புதுச் சாவியும் மறுநாளே அறுந்தது. பிளைவீலை இறுக்கிப் பிடிப்பது சாவி அல்ல, கூம்பான தண்டுதான். சாவி இடத்தைக் காட்ட மட்டுமே. நான் அந்தக் கூம்பில் எண்ணெய் பூசியிருந்தேன், அதனால் பிளைவீல் வழுக்கிச் சாவியை அறுத்திருக்கிறது. அப்புறம் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) இறுக்கினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. நேற்று கொட்டியாறு குடா வரை போய் வந்தோம்.