கலைச்சொல்: மாண்டலினில் தண்டி உடலோடு சேரும் இடமும் அதன் குறைகளும்

காட்பாடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். மாண்டலின் பழுதுபார்ப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘நெக் ஜாயின்ட்’ இன்னும் முடிவாகவில்லை. ‘கழுத்து இணைப்பு’ என்று எழுதிவிடலாம்தான். ஆனால் தண்டி (நெக்), குடம் (உடல்), மெட்டு (ஃப்ரெட்), குதிரை (பிரிட்ஜ்), மேரு (நட்) என்று வீணைக்காரர்கள் கொடுத்த சொற்கள் கையில் இருக்கும்போது கழுத்து எதற்கு? என் பரிந்துரை: தண்டிப்பூட்டு.

‘ஒட்டு’ என்று சொல்லாமல் ‘பூட்டு’ என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனம் 1922-இல் கொண்டுவந்த எஃப்-5 மாண்டலின் வகையிலும் அதைப் பார்த்துச் செய்யப்படும் பெரும்பாலான கருவிகளிலும் தண்டியின் அடி புறாவால் (டவ்டெயில்) வடிவில் செதுக்கப்பட்டு, உடலுக்குள் இருக்கும் தலைக்கட்டையின் காடியில் மேலிருந்து இறங்கி உட்காரும். எட்டுத் தந்தியும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுக்கின்றன. அந்தச் சுமையைத் தாங்குவது மரத்தின் முகங்கள். பசை, வால் மேலே கிளம்பாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. பெயரைக் கேட்டவுடன் இது புரிய வேண்டும்.

உறுப்புகளுக்கு: உடலை ஒட்டித் தடித்து இறங்கும் பகுதி ‘குதி’, வாலின் சரிந்த பக்கங்கள் ‘கன்னம்’, உடலின் பக்கவாட்டில் படியும் முகம் ‘தோள்’. குதிக்கும் உடலுக்கும் நடுவே தெரியும் பிளவை ‘வாய்பிளப்பு’ எனலாம். மரப்பட்டறையில் ‘வாய் விட்டிருக்கு’ என்று சொல்வதுதானே.

ராணிப்பேட்டையிலிருந்து:

தண்டிப்பூட்டு எனக்கு முழுச் சம்மதம். வாய்பிளப்புக்குத்தான் தடை சொல்கிறேன். வெவ்வேறு குறைகளை அந்த ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டால், படிப்பவர் எல்லாவற்றுக்கும் பசை ஊற்றித்தான் பார்ப்பார்.

கருவியைச் சுருதி சேர்த்த நிலையில் குதியின் விளிம்பில் இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டை வைத்துப் பாருங்கள். நுழையவே இல்லையென்றால், கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் மேல்பூச்சு வெடிப்பு. அதைத் தொட வேண்டாம். நுழைந்தால், எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்துக்கொண்டு, தந்திகளை முழுக்கத் தளர்த்தி மறுபடி நுழைத்துப் பாருங்கள். தளர்த்தியதும் பிளவு மூடிக்கொண்டால் பூட்டு அசைகிறது என்று பொருள். அது ஒன்றே வாய்பிளப்பு. தளர்த்தியும் மாறாமல் நின்றால், செய்தபோதே தோள் படியவில்லை. கன்னங்கள் இறுக்கமாக இருக்கும்வரை அந்தக் கருவி பல காலம் வாசிக்கத் தாங்கும். விலையில் குறைத்துக் கேட்கலாம், பிரித்துப் போட வேண்டியதில்லை. இதற்குத் ‘தோள்படியாமை’ என்று தனிச்சொல் வேண்டும்.

பிளவு சிறியதுதானே என்று விடவும் முடியாது. குதி 40 மி.மீ. ஆழம் என்று கொள்வோம். அடியில் 0.2 மி.மீ. திறந்தால் தண்டி சாய்வது அரைப் பாகையில் பாதிக்கும் சற்று அதிகம். எஃப்-5 வகையில் தண்டி உடலைச் சேர்வது 15-ஆம் மெட்டில். அங்கிருந்து குதிரைக்கு ஏறத்தாழ 148 மி.மீ. அந்தத் தூரத்தில் மெட்டுகளின் தளம் 0.74 மி.மீ. கீழே போய்விடும். 12-ஆம் மெட்டில் தந்தியின் உயரம் 0.37 மி.மீ. கூடும். 1.5 மி.மீ.-ஆக இருந்தது 1.9-ஐ நெருங்கினால் வாசிப்பவரின் விரலே சொல்லிவிடும்.

மூன்றாவது, சாய்வே தவறாக அமைந்த கருவி. பிளவு எதுவும் இராது, பூட்டும் கெட்டியாக இருக்கும். இரும்பு மட்டப்பலகையை மெட்டுகளின் மேல் வைத்துக் குதிரை வரை நீட்டுங்கள். குதிரையில் தந்தி அமரும் பள்ளத்துக்கு 2.5 முதல் 3 மி.மீ. கீழே அது முட்ட வேண்டும். மிகவும் கீழே முட்டினால் குதிரையை எவ்வளவு இறக்கினாலும் உயரம் குறையாது. இதைச் ‘சாய்வுக்குறை’ எனலாம். ஆனால் அதற்கு முன் தண்டி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்: முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7-ஆம் மெட்டில் மெல்லிய தாள் அளவே இடைவெளி தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் குறை தண்டியில். பூட்டைக் குற்றம் சொல்லக்கூடாது.

குடியாத்தத்திலிருந்து:

வீணையின் தண்டி உள்ளே குடையப்பட்டது. மாண்டலினில் இருப்பதோ கெட்டி மரம். ஒரே பெயர் பொருந்துமா? யாழுக்குப் பத்தர் (உடல்), கோடு (வளைந்த தண்டு) என்ற பழஞ்சொற்கள் இருக்கின்றன. ‘கோட்டுப்பூட்டு’ என்று ஏன் வைக்கக்கூடாது?

ஆம்பூரிலிருந்து:

அம்மா, கோடு என்றால் இன்று எல்லோருக்கும் வரைகிற கோடுதான் நினைவுக்கு வரும். தண்டியே இருக்கட்டும். குடைந்தது, கெட்டி என்ற வேறுபாட்டை வரையறையில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

ராணிப்பேட்டை ஐயா விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். காடியைப் பெரிதாக வெட்டிவிட்டு, வாலின் பக்கத்தில் மெல்லிய மரச்சீவலைச் செருகி இறுக்குவதைத் தச்சர்கள் ‘சக்கை வைக்கிறது’ என்பார்கள். கன்னம் முழுவதும் படிகிற ஒரே மரச் சக்கை குறையாகாது, தேர்ந்தவர்களும் வைப்பதுண்டு. அட்டை, துண்டு துண்டான சீவல், பசையோடு கலந்த மரத்தூள் ஆகியவற்றால் நிரப்பியிருந்தால்தான் குறை. இதைப் ‘பொய்யிறுக்கம்’ என்று பட்டியலில் சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து இது தெரியாது. தண்டியைப் பிரித்தால்தான் தெரியும்: 15-ஆம் மெட்டுக்கு அப்பால் உடலின் மேல் வரும் ஒரு மெட்டைக் கழற்றி, அந்தப் பள்ளத்தின் வழியாக வாலின் முனைக்கு அப்பால் உள்ள வெற்றிடத்துக்குத் துளையிட்டு, நீராவி செலுத்தி எடுப்பார்கள். திரும்ப வைக்கும்போது கன்னங்களில் சாக்பீஸ் தேய்த்துப் பசையில்லாமல் இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கன்னத்திலும் மேலிருந்து கீழ்வரை சுண்ணம் இடம் மாறியிருந்தால் பொருத்தம் சரி. பசை இல்லாமலேயே தண்டியைப் பிடித்துத் தூக்கினால் உடல் கூடவே வர வேண்டும்.

நம் வேலூர்ப் பக்கத்து வெயிலையும் கையேட்டில் எழுதுங்கள். மே மாதத்தில் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டுகிறது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் வெள்ளைப் பசை இளகி, தந்தியின் இழுப்புக்கு மெல்ல நகர்ந்து கொடுக்கும். பொய்யிறுக்கம் உள்ள பூட்டுகள் முதலில் அங்கேதான் வாய் விடும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை அப்படி நகராது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் நெடுநாள் நின்றால் அதற்கும் கேடுதான்.

காட்பாடியிலிருந்து:

ஏற்கிறேன். தண்டிப்பூட்டு, குதி, கன்னம், தோள் அப்படியே நிற்கட்டும். வாய்பிளப்பு என்பது தந்தி இழுக்கும்போது திறந்து, தளர்த்தினால் மூடுவதை மட்டுமே குறிக்கும். தோள்படியாமை, சாய்வுக்குறை, பொய்யிறுக்கம் மூன்றும் தனித்தனிப் பதிவுகள்.

இன்னும் ஒன்று பாக்கி. குதி இறுக்கமாகவே இருக்க, உள்ளே தலைக்கட்டை முன்பக்கம் புரண்டு, மேற்பலகை ஒலித்துளைப் பக்கம் அமிழ்ந்துபோவது உண்டு. மட்டப்பலகைச் சோதனையில் இதுவும் சாய்வுக்குறை போலவே தெரியும், ஆனால் பூட்டைப் பிரிப்பதால் பயனில்லை. ‘கட்டைப்புரட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மேற்பலகை அமிழ்வதும் கேட்பவருக்குப் புரிகிற மாதிரி யாராவது வேறு சொல் கொடுத்தால் மாற்றிவிடலாம். போல்ட் போட்டு முடுக்கும் தண்டிகளைப் பற்றி அடுத்த மடலில் பேசுவோம். அவற்றில் கன்னமே இல்லை.