டால்பினின் மருத்துவப் பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

வணக்கம். சேலம் மாவட்டம் தலைவாசலில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். காட்சியகங்களில் வாழும் கடல் பாலூட்டிகளுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் பதிவேட்டு விதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

விலங்கு நலச் சட்ட விதிகளின்படி, குளத்து நீரில் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனை வாரம் ஒருமுறையாவது நடக்க வேண்டும்; முடிவுகளை 1 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனைப் பதிவுகளுக்கு 3 ஆண்டு. விலங்கு தன் காட்சியகத்துக்கு வெளியே வேறிடத்தில் இறந்தால், அந்தப் பதிவுகள் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். இதுவரை சரி. தனித்தனி விலங்கின் மருத்துவப் பதிவேட்டில்தான் சிக்கல். பிரிவு 3.110 அதை எழுதி வைக்கச் சொல்கிறது. இடம் மாற்றினால் நகல் கூடவே போக வேண்டும் என்கிறது. காலக்கெடு மட்டும் அங்கே என் கண்ணில் படவில்லை. பிரிவு 2.80-ல் பொதுவாக 1 ஆண்டு என்று இருக்கிறது. பல பத்தாண்டு வாழும் டால்பினுக்கு அது போதவே போதாது என்பது என் எண்ணம்.

ஆசிரியர்களிடம் கேட்டாயிற்று. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கடல் பாலூட்டிகளே கிடையாது. 2013-ல் மத்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டதால், நாட்டுக்குள் கேட்கவும் ஆள் இல்லை. அமெரிக்காவில் ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை.

வெளிநாட்டுக் கடல்வாழ் காட்சியகங்களில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: உயிரோடிருக்கும் விலங்கின் மருத்துவப் பதிவேட்டுக்கும் அந்த 1 ஆண்டு விதிதானா, அப்படியென்றால் எந்த நாளிலிருந்து கணக்கு?